கழுவி வந்த கேரியர்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. பாரிவாக்கம் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரைக்கும் படித்தவள். அதற்கப்புறம் நான் எழுதியதெல்லாம் என் கையெழுத்து ஒன்றுதான். இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. முன்னே நடந்ததைப் பின்னேயும் பின்னே நடந்ததை முன்னேயும் போட்டுவிட்டால் படிக்கிறவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. நாலு பேர் எதிரில் வாயைத் திறக்கவே கூசுகிறவள் நான். எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள் என்கிற தைரியத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு அலுமினியக் கேரியர் இருக்கிறது. மூன்றடுக்கு. என் கல்யாணத்துக்கு அப்பா பூந்தமல்லிக் கடையில் வாங்கிச் சீரோடு வைத்தது. நடு அடுக்கின் விளிம்பு ஒரு பக்கம் நசுங்கியிருக்கும். அதனால் மேல் அடுக்கு அதன்மேல் சரியாக உட்காராது, கொஞ்சம் சாய்ந்தே நிற்கும். பழைய பாத்திரக்காரன் தெருவில் குரல் கொடுக்கும்போதெல்லாம் மருமகள் அதைப் போட்டுவிடலாமா என்று கேட்பாள். நான் காது கேட்காத மாதிரி இருந்துவிடுவேன். அந்தக் கேரியர் எப்போதும் கழுவித்தான் வீட்டுக்கு வரும். ஒரு பருக்கை ஒட்டியிருக்காது, குழம்பு வாசனைகூட இருக்காது. ஆம்பளைப் பிள்ளை பாத்திரம் கழுவிக் கொண்டுவருகிறான் என்று அப்போது நாங்கள் இருந்த குவார்ட்டர்ஸ் லைனில் அது ஒரு பெருமை. அதைத் தூக்கிக்கொண்டு போனவன் என் கொழுந்தன், என் வீட்டுக்காரரின் தம்பி.

போன மாதம் என் பேத்தி கட்டிலில் படுத்துக்கொண்டு ஒரு இங்கிலீஷ் கதைப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். முகம் வாடியிருந்தது. என்ன கதை என்று கேட்டேன். "ஒரு பையன் ஆயா. சாப்பிடவே மாட்டேங்கிறான். இளைச்சுக்கிட்டே போறான். அவனுக்கு ஒரே ஒரு ஃப்ரெண்டு" என்றாள். இந்தக் கதை எனக்குத் தெரியுமே என்றேன். "நீ எங்க ஆயா படிச்ச?" என்று சிரித்தாள். அது ஒரு நோய் என்றும், வேண்டுமென்று செய்வது இல்லை என்றும், பெண் பிள்ளைகளுக்கு மட்டும்தான் வரும் என்று நினைக்கிறார்கள், ஆண் பிள்ளைகளுக்கும் வரும் என்றும் சொன்னாள். அதற்கு ஒரு பெயர் சொன்னாள். இரண்டு தரம் சொல்லியும் என் நாக்கில் நிற்கவில்லை. ஐம்பது வருஷத்துக்கு மேல் கழித்து ஒரு பெயர் வந்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்று தெரியாமல்தான் எழுதுகிறேன்.

கல்யாணமாகி ஆவடி குவார்ட்டர்ஸுக்கு வந்தபோது எனக்குப் பதினேழு முடிந்திருந்ததா, நடந்துகொண்டிருந்ததா தெரியாது. என் வீட்டுக்காரர் தொழிற்சாலையில் ஃபிட்டர். மாமனார் மாமியார் இல்லாத வீடு. தம்பியை இவர்தான் வளர்த்தார். என் கொழுந்தனுக்கும் எனக்கும் ஒரு வயசுதான் வித்தியாசம் இருக்கும். என்னை "அண்ணி" என்பான். நான் "தம்பி, வாங்க, போங்க" என்றுதான் பேசுவேன், அதுவும் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு. இப்போது எனக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. அவன் இருபதிலேயே நின்றுவிட்டான். அதனால் அவன் என்றே எழுதுகிறேன்.

நான் வந்த புதிதில் அவன் நல்ல கொழுகொழுவென்று இருப்பான். கன்னம் இரண்டும் பன் மாதிரி. சாப்பாட்டைப் பார்த்தால் கண் சிரிக்கும். "அண்ணி, இன்னொரு கரண்டி" என்று தட்டை நீட்டும்போது எனக்கே வயிறு நிறைந்த மாதிரி இருக்கும். அவனுக்கு ஒரு கூட்டாளி. பருத்திப்பட்டு ஏரிக்கரைப் பிள்ளை. அப்பா கூலிக்கு ஏர் ஓட்டுகிறவர், வீடு நிறையப் பிள்ளைகள். இவன் எவ்வளவு பருமனோ அவன் அவ்வளவு ஒல்லி. இரண்டு பேரும் ஒன்றாகவே படித்து ஒன்றாகவே தொழிற்சாலையில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தார்கள். ஒரே சைக்கிள். ஒல்லிப் பிள்ளை மிதிப்பான், என் கொழுந்தன் பின்னால் உட்கார்ந்து மடியில் கேரியரை வைத்துக்கொள்வான். "டேய், டயர் வெடிக்கப் போவுது, எறங்கி நடடா" என்று தெருப் பிள்ளைகள் கத்துவார்கள். "வெடிச்சா உன் தலய ஒட்டிக்கிறேன், நவுரு" என்று மிதிக்கிறவன் பதில் சொல்லிக்கொண்டே போவான். பின்னால் இருக்கிறவன் சிரிப்பான். அந்தச் சிரிப்பு நிஜமான சிரிப்பு என்றுதான் நாங்கள் எல்லோரும் இருந்தோம்.

அது அரிசி கிடைக்காத காலம். ரேஷன் கடையில் ஒரு நாள் அரிசி, நாலு நாள் கோதுமை. சில வாரம் சோளம். கடை திறக்கும் முன்னாலேயே வரிசை தெரு முனை வரைக்கும் வந்துவிடும். ஒரு நாள் நானும் கொழுந்தனும் பையோடு நின்றோம். கூட்டாளியும் எங்களுக்குப் பின்னால் நின்றான். வெயில் ஏறி, அரிசி தீர்ந்துவிட்டது என்று உள்ளேயிருந்து சொன்னார்கள். எல்லோரும் எரிச்சலில் இருந்தார்கள். எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு ஆள் திரும்பி என் கொழுந்தனை மேலும் கீழும் பார்த்து, "ரேசன் அரிசி எல்லாம் எங்க போவுதுன்னு இப்பத்தான தெரியுது. இன்னா நைனா, மூட்டையே முழுங்கிக்கினு வந்துட்டியா?" என்றார். வரிசை முழுக்கச் சிரித்தது. பசியோடு நிற்கிறவர்கள் சிரிக்கிற சிரிப்பு அது. கூட்டாளி முன்னால் பாய்ந்து, "யோவ், அவன் துன்னதுல உனக்கு இன்னா கம்மியாச்சு?" என்று சண்டைக்குப் போனான். என் கொழுந்தன் குனிந்து தன் வயிற்றைப் பார்த்தான். சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டான். அன்று இரவு பசியில்லை என்று படுத்துவிட்டான்.

அந்த ஒரு பேச்சினால்தான் எல்லாம் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். அந்த ஆள் சொன்னதைவிட மோசமாகப் பேச்சு வாங்கியவர்கள் எத்தனையோ பேர் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறார்கள். ஆனால் எனக்குத் தெரிந்த ஆரம்பம் அதுதான். அதற்கு முன்னால் எங்கே எது கிடந்ததோ.

அடுத்த கிருத்திகைக்கு விரதம் இருக்கப்போகிறேன் என்றான். வீட்டுக்காரருக்குச் சந்தோஷம். பிறகு வெள்ளிக்கிழமை. பிறகு செவ்வாய், சனி. எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளை சாப்பிடாவிட்டால் எதற்கு அழுகிறாள் என்று கேட்பார்கள். ஆம்பளை சாப்பிடாவிட்டால் சாமிக்கு என்று விட்டுவிடுவார்கள். அதிலும் வீட்டில் ஒரு வாய் குறைந்தால் மிச்சம் என்று எண்ணுகிற காலம் அது. உடம்பு இளைக்க இளைக்க எல்லோரும் பாராட்டினார்கள். கன்னம் வற்றி முகம் நீண்டு, நெற்றியில் பட்டையோடு அவன் வரும்போது ஒரு களை இருந்தது உண்மைதான். அடுத்த வீட்டில் திருநெல்வேலிப் பக்கத்து அக்கா ஒருத்தர் இருந்தார். "ஏ தாயி, ஒங்க கொழுந்தன் மொகத்துல என்ன ஒரு வெளிச்சம் பாத்தியா? என் பிள்ளைக்குக் காய்ச்சல் விடவே மாட்டேங்கு. அவர் கையால கொஞ்சம் துண்ணூறு பூசச் சொல்லேன்" என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவனும் பூசினான். காய்ச்சல் விட்டது. அப்புறம் எங்கள் லைனில் அவனைச் சின்னச் சாமி என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அப்படிக் கூப்பிடுகிறவர்கள் முன்னால் ஒருவன் எப்படி உட்கார்ந்து சோறு சாப்பிடுவான்?

தான் சாப்பிடாதவன் சமையல் பேச்சை விடமாட்டான். என் பின்னாலேயே அடுப்படியில் நிற்பான். "அண்ணி, கத்திரிக்காய எண்ணெயில வதக்கிட்டு அப்பால போடுங்க. அண்ணி, இன்னும் கொஞ்சம் புளி" என்பான். நுனி நாக்கில் வைத்துக்கூடப் பார்க்காமல் உப்பு குறைச்சல் என்று வாசனையிலேயே சொல்வான். அண்ணனுக்கு அவன்தான் பரிமாறுவான். போதும் போதும் என்றாலும் இன்னொரு கரண்டி வைத்துவிட்டு, அவர் மெல்லுவதையே பார்த்துக்கொண்டு நிற்பான். காலையில் கேரியர் கட்டும்போது நன்றாக அழுத்தி வையுங்கள் என்பான். விரத நாளிலும் வேண்டும் என்பான். கூட்டாளிக்குக் கொடுக்கத்தான் கேட்கிறான் என்று எனக்கும் தெரியும். பசித்தவனுக்குச் சோறு போடுவதை யார் வேண்டாம் என்பார்கள்? மற்ற நாளில் அவன் சாப்பிடுகிறான் என்றுதான் இருந்தோம். சாயந்திரம் கேரியர் பளபளவென்று கழுவி வரும்.

சித்திரை வெயிலில் இரண்டு சட்டை போட்டுக்கொண்டு குளிருகிறது என்றான். பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டுக்கொண்டே போனான். உட்காரும்போதெல்லாம் வலது கை விரலால் இடது மணிக்கட்டை வளைத்துப் பிடித்துப் பார்ப்பான். வீடு பெருக்கினால் அவன் படுக்கும் இடத்தில் கொத்துக் கொத்தாக முடி வரும். ரயில் இருக்கும்போதே ஆவடியிலிருந்து அம்பத்தூர் வரைக்கும் நடந்து போய் நடந்து வருவான். கேட்டால் வேண்டுதல் என்பான். வேண்டுதல் என்றால் அதற்குமேல் யாரும் கேள்வி கேட்க மாட்டோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டுக்காரர் ஓவர்டைமுக்குப் போயிருந்தார். கொழுந்தன் கோயிலுக்குப் போயிருந்தான். பின்வாசலில் கூட்டாளி வந்து நின்றான். தனியாக என்னிடம் அவன் பேசியதே இல்லை. நான் பாதிக் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"அண்ணி, ஒன்னு சொல்லணும். அண்ணாத்தே கிட்ட சொல்ல பயமா கீது."

சொல்லுங்க என்றேன்.

"அவன் கேரியர அவன் துன்றதே இல்ல அண்ணி. நான்தான் துன்றேன்."

"விரத நாள்லதான?"

"எல்லா நாளும்தான். அவனுக்கு எது விரத நாளு, எது சும்மா நாளு?" என்று சொல்லிவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். "எங்க ஊட்ல கூழுதான். அத்தினி பேருக்கு ஊத்துனா எனக்கு மண்டிதான் மிஞ்சும். பசில துன்ட்டேன் அண்ணி. மொதல்ல பாதி குட்த்தான். அப்பால முக்கா. அப்பால அப்டியே மொத்தமும். எதுர்ல குந்திகினு பாத்துகினே கீறான். துன்னு மாமே, துன்னு மாமேன்றான். அவன் மூஞ்சில அப்டி ஒரு சந்தோசம். எனக்கு இன்னா தெரியும்? பாத்திரம் கழுவறத மட்டும் என் கையில வுட மாட்டான். சோத்தத் தொட மாட்டான், பாத்திரத்த தேய்ச்சி தேய்ச்சி கழுவுவான்."

பிறகு தன் கையை நீட்டிக் காட்டினான். அந்த ஒல்லிப் பிள்ளைக்குத் தோள் வந்திருந்தது, கழுத்து வந்திருந்தது. நாங்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை. "அவன் ஒடம்பு பூரா என் மேல ஏறிப்புச்சு அண்ணி" என்றான். ஒரு ஆம்பளைப் பிள்ளை அப்படி அழுது நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

வீட்டுக்காரரிடம் நான்தான் சொன்னேன். அவர் முதலில் நம்பவில்லை. நம்பியதும் அடித்தார். தட்டில் சோறு போட்டு எதிரில் உட்காரவைத்து, "துன்னுடா. தாயில்லாத புள்ளன்னு என் பங்கையும் குட்த்து வளத்தேன்டா. துன்னுடா" என்றார். அவன் ஒரு பிடி எடுத்து வாயில் வைத்தான். விழுங்கவில்லை. கன்னத்தில் அடக்கிக்கொண்டான். கண்ணிலிருந்து தண்ணீர் தட்டில் விழுந்தது. அவர் கை ஓங்கினார், அப்புறம் எழுந்து வெளியே போய்விட்டார். அடித்தவரும் அன்று சாப்பிடவில்லை. பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். டிபி இருக்கும் என்று நெஞ்சைப் படம் எடுத்தார்கள், இல்லை. பூச்சிக்கு மருந்து கொடுத்தார்கள். டாக்டர் நல்ல மனுஷர்தான், அவருக்கும் தெரியவில்லை. வயசுப் பையன், மனசில் ஏதாவது பெண் இருக்கும், கேட்டுப் பாருங்கள் என்று டானிக் எழுதிக் கொடுத்தார். பூசாரி கறுப்புக் கயிறு கட்டினார். அடுத்த வீட்டு அக்கா மட்டும், "சாமி அவரத் தனக்குன்னு எடுத்துக்கிட்டாரு தாயி, நீங்க மறிக்காதீங்க" என்றார். அவர் மேல் எனக்கு இப்போதும் கோபம் இல்லை. அவருக்குத் தெரிந்த பெயர் அதுதான்.

கூட்டாளி ஒரு முடிவுக்கு வந்தான். நீ சாப்பிடாவிட்டால் நானும் சாப்பிட மாட்டேன் என்று சொல்லிவிட்டான். மத்தியானச் சங்கு ஊதினதும் இரண்டு பேரும் புங்கமரத்தடியில் கேரியரை நடுவில் வைத்துவிட்டு எதிரெதிரே உட்கார்ந்திருப்பார்களாம். கூட வேலை செய்கிறவர்கள், "இன்னா மாமே, கேரியருக்குப் பூசை போடறீங்களா?" என்று கிண்டல் செய்வார்களாம். சாயந்திரம் கேரியர் அப்படியே நிறைந்து வீட்டுக்கு வரும். கழுவாமல் வந்த கேரியரை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். ஊசிப்போன சோற்றைக் கொட்டும்போது, இவ்வளவு நாள் கழுவி வந்ததற்கு இதுவே மேல் என்று இருந்தது. கூட்டாளியின் தோளும் கழுத்தும் மறுபடி வற்ற ஆரம்பித்தன. அவன் வீட்டில் அம்மா அழுதாள். பசியில் பிறந்து வளர்ந்த பிள்ளை, எதிரில் சோறு இருக்கப் பட்டினி கிடப்பது என்றால் அது சாதாரணம் இல்லை.

ஒரு நாள் என் கொழுந்தன் தோற்றான். கூட்டாளிக்கு மெஷின் பக்கத்தில் தலை சுற்றி விழுந்துவிட்டது. அன்று மத்தியானம் இவன் கேரியரைத் திறந்து அவனுக்கு ஒரு வாய் ஊட்டி, தானும் ஒரு வாய் சாப்பிட்டானாம். கூட்டாளி ஓடிவந்து பின்வாசலில் நின்று, "துன்ட்டான் அண்ணி, கொஞ்சம் இல்ல, பாதி" என்றான். எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. அந்த வாரம் நான் சமைத்த மாதிரி எப்போதும் சமைத்ததில்லை. வத்தக்குழம்பு, கருவாடு, ஏரி மீன், இருந்த அரிசி எல்லாம் வெள்ளைச் சோறு. கோதுமையை எங்களுக்கு வைத்துக்கொண்டோம். வீட்டுக்காரர் தம்பிக்குப் புதுச் சட்டை எடுத்துவந்தார். எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் திருவேற்காட்டு அம்மனுக்கு மாவிளக்கு நேர்ந்துகொண்டேன்.

அந்த வாரக் கடைசியில் வேலை விட்டு வரும்போது ஏரிக்கரையில் சைக்கிளை நிறுத்தச் சொல்லியிருக்கிறான். ஒன்றுக்குப் போகிறேன் என்று இறங்கிப் போனவன் வரக் காணோம். கூட்டாளி தேடிப்போனான். பனைமரத்துக்குப் பின்னால் இவன் முட்டி போட்டு, சாப்பிட்டதையெல்லாம் வெளியே எடுத்துக்கொண்டிருந்தான். கூட்டாளி திட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, தன் சட்டையால் அவன் வாயைத் துடைத்துவிட்டானாம். "ஏண்டா?" என்று மட்டும் கேட்டானாம். அதற்கு அவன் சொன்னதைக் கூட்டாளி என்னிடம் அப்படியே சொன்னான். "தெர்லடா. சோறு உள்ள போனா, வேற யாரோ உள்ள வந்து குந்திகினா மாரி கீது. அவன வெளிய தொரத்துனாத்தான் தூக்கம் வருது. நீ பட்டினி கெடக்காத மாமே. என்னால உனுக்காவகூட முடில."

அதற்குப் பிறகு யாரும் அவனைக் கட்டாயப்படுத்தவில்லை. கட்டாயப்படுத்த எங்களிடம் எதுவும் மிச்சம் இல்லை. கூட்டாளி மறுபடி சாப்பிட ஆரம்பித்தான், ஆனால் என் கொழுந்தன் எதிரில் வைத்து அல்ல. மழைக்காலம் முடியும்போது என் கொழுந்தன் வேலைக்குப் போவது நின்றது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பான். கையிலும் கன்னத்திலும் பூனை முடி மாதிரி மெல்லிசாக முடி முளைத்திருந்தது. அப்போதும் அடுப்படி வாசலில் வந்து உட்கார்ந்து, "அண்ணி, ரசத்துக்கு மிளகு பத்தாது" என்பான். நான் வெட்கத்தை விட்டு ஒரு நாள் கேட்டேன். "தம்பி, உங்களுக்குப் பசிக்கவே பசிக்காதா?" என்றேன். "எப்பவும் பசி அண்ணி. அது ஒன்னுதான் எனக்குத் தெர்யும்" என்றான். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டேன்.

மார்கழியில் ஒரு நாள், வெயில் பார்க்க வேண்டும், ஏரிக்கரைக்குப் போகலாம் என்று கூட்டாளியைக் கேட்டிருக்கிறான். கேரியர் கட்டித் தாங்க அண்ணி என்று அவனே வந்து கேட்டான். கேட்டானே என்று எனக்குக் கை கால் ஓடவில்லை. கீழ் அடுக்கில் தயிர்சாதம், நடு அடுக்கில் மாவடு, மேல் அடுக்கில் பொரித்த அப்பளம் வைத்தேன். கூட்டாளி அவனைத் தூக்கிப் பின்னால் உட்காரவைத்து, தன் இடுப்போடு துண்டால் சேர்த்துக் கட்டிக்கொண்டான். பழையபடி மடியில் கேரியர். தெருவில் யாரும் டயர் வெடிக்கும் என்று சொல்லவில்லை. பின்னால் ஆள் இருப்பதே தெரியவில்லை என்று கூட்டாளி பிற்பாடு சொன்னான். அடிக்கடி கையைப் பின்னால் விட்டு இருக்கிறானா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டே மிதித்தானாம்.

பொழுது சாயத் திரும்பி வந்தார்கள். கரை ஏறும்போது கேரியர் விழுந்துவிட்டது என்று நசுங்கின நடு அடுக்கைக் காட்டினான் கூட்டாளி. கேரியர் ஈரமாக இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. கழுவியிருந்தது. கொழுந்தனைப் படுக்கவைத்த பிறகு நான் கூட்டாளியிடம் மெதுவாகக் கேட்டேன்.

"சாப்பிட்டாங்களா?"

"சாப்ட்டான் அண்ணி. ரெண்டு வாய்."

இரண்டு நாளோ மூன்று நாளோ கழித்து, விடிகிற நேரத்தில், தூக்கத்திலேயே போய்விட்டான். கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்து பார்த்தேன். வலது கை விரல்கள் இடது மணிக்கட்டை வளைத்துப் பிடித்தபடி இருந்தன.

அவனைக் குளிப்பாட்டி, எங்கள் வழக்கப்படி வாய்க்கரிசி போட ஆரம்பித்தார்கள். சொந்தக்காரர்கள் வரிசையாக வந்தார்கள். முதலில் அண்ணன். என் வீட்டுக்காரர் கைப்பிடி அரிசியோடு குனிந்தார். அப்போது கூட்டாளி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து அவன் வாயைத் தன் உள்ளங்கையால் மூடிவிட்டான். "வேணாம்ணா. அவனுக்கு வேணாம்" என்றான். பெரியவர்கள் சத்தம் போட்டார்கள். வாய்க்கரிசி இல்லாமல் எப்படி அனுப்புவது என்றார்கள். யாரோ அவன் தோளைப் பிடித்து இழுத்தார்கள். அவன் கையை எடுக்கவில்லை. "போறப்பயாச்சும் வுடுங்கண்ணா அவன" என்றான். தட்டு முன்னால் உட்காரவைத்து அடித்தவர்தான் என் வீட்டுக்காரர். தம்பியின் வாயை மூடியிருந்த அந்தக் கையையே நின்று பார்த்தார். பிறகு கையில் இருந்த அரிசியைத் தம்பியின் நெஞ்சின்மேல் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டார். அவர் அப்படிச் செய்ததால் மற்றவர்களும் அப்படியே செய்தார்கள். அரிசிக்கு அடித்துக்கொண்ட அந்தக் காலத்தில், அவன் நெஞ்சின்மேல் ஒரு சின்னக் குவியலாக அரிசி இருந்தது.

என் வீட்டுக்காரர் போய்ப் பல வருஷமாகிறது. குவார்ட்டர்ஸை விட்டு வந்தாயிற்று. ஏரியைச் சுற்றி இப்போது நடைபாதை போட்டு விளக்கு வைத்திருக்கிறார்கள். இளைக்க வேண்டும் என்று காலையில் கூட்டம் கூட்டமாக நடக்கிறார்கள். ஒல்லியாக ஒரு பிள்ளை வேகமாக நடந்து போனால் நான் அவன் சட்டையைத்தான் பார்க்கிறேன், ஒன்றா இரண்டா என்று. கூட்டாளி முத்தாபுதுப்பேட்டையில் மகன் வீட்டில் இருக்கிறார். அவருக்கும் எழுபதுக்கு மேல், சர்க்கரை வியாதி. மார்கழியில் அவன் போன நாளில் படையல் போடுவோம், தவறாமல் வருவார். இலையில் ஒரு பருக்கை விடாமல் சாப்பிடுவார். சாப்பிடும்போது எதிரில் யாரும் உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் கை நின்றுவிடும்.

வருஷா வருஷம் நான் ஒன்றையே கேட்கிறேன், அன்றைக்கு ஏரிக்கரையில் சாப்பிட்டாரா என்று. இரண்டு வாய் என்றுதான் முதலில் சொன்னார். ஒரு வருஷம் மாவடு மட்டும் கடித்தான் என்றார். ஒரு வருஷம், "நல்லாவே துன்னான் அண்ணி" என்றார். ஒரு தடவை நான் வேறு மாதிரி கேட்டேன். கேரியரைக் கழுவினது யார் என்றேன். தான் தொடாத சோற்றுக்குத்தான் என் கொழுந்தன் பாத்திரம் கழுவுவான், அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். "அது ஞாபகம் இல்ல அண்ணி" என்று சொல்லிவிட்டுக் கையைப் பார்த்துக்கொண்டார். அவருக்கு ஞாபகம் இல்லாமல் இருக்காது.

பேத்தியின் புத்தகத்தில் அந்தப் பையன் பிழைத்துக்கொண்டானாம். படித்து முடித்துவிட்டு வந்து சொன்னாள். நல்லது என்றேன். அன்று அவளைப் பரணில் ஏறச் சொல்லிக் கேரியரை இறக்கினேன். மேல் அடுக்கைத் தூக்கி, நசுங்கின நடு அடுக்கையும் தூக்கி, கீழ் அடுக்கில் மூக்கை வைத்து மோந்து பார்த்தேன். அலுமினிய வாசனைதான். மறுபடி அடுக்கி வைத்தேன், சாய்ந்து நின்றது.

இதில் நான் எழுதியது சிலது முன்பின்னாக இருக்கும். கோதுமை போட்டது எந்த வருஷம் வரைக்கும், அந்த மார்கழியில் ஏரியில் தண்ணீர் இருந்ததா, அது கிருத்திகையில் ஆரம்பித்ததா வெள்ளிக்கிழமையிலா, எனக்கு நிச்சயம் இல்லை. ஆவடியில் பழைய ஆட்கள் இருந்தால் யாராவது கேட்டுச் சரிபாருங்கள். அந்த நோயின் பெயரையும் பேத்தியிடம் கேட்டு இதில் சேர்த்துவிடுங்கள். அந்த இரண்டு வாய்ச் சோற்றை மட்டும் யாரும் சரிபார்க்க வேண்டாம், அப்படியே விட்டுவிடுங்கள்.